எஸ்.சி.: ஈரெழுத்துச் சுருக்கம் ஒன்றின் வரலாறு

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ்த் தமிழ்நாட்டு அமர்வு நீதிமன்றம் ஒன்று ஆங்கிலத்தில் வழங்கும் தீர்ப்பொன்றை எண்ணிப் பார்க்கலாம். முகப்பில் வழக்கு எண்ணுக்கு முன்னர் 'எஸ்.சி.' என்னும் சுருக்கம் நிற்கும். அது 'செஷன்ஸ் கேஸ்', அதாவது அமர்வு வழக்கு. இரண்டாம் பத்தியில் பாதிக்கப்பட்டவர் எஸ்.சி. வகுப்பைச் சார்ந்தவர் என்று வரும். அது 'ஷெட்யூல்டு காஸ்ட்'. முன்தீர்ப்பு ஒன்றை மேற்கோளாகக் காட்டுமிடத்து ஏ.ஐ.ஆர். என்னும் தொகுதிப் பெயரும் ஆண்டும் வந்தபின் மீண்டும் எஸ்.சி. வரும். அது 'சுப்ரீம் கோர்ட்'. ஒரே தாளில் ஒரே ஈரெழுத்து மூன்று பொருள்களில் வழங்குகின்றது. மூன்றனுள் ஒன்றேனும் அத்தீர்ப்பில் விரித்தெழுதப்படுவது அரிது. வழக்கறிஞருக்கு இதனால் இடர்ப்பாடு இல்லை. அவர் இடம் கண்டு பொருள் கொள்கின்றார். இடர்ப்பாடு அத்தாளைத் தமிழாக்குவோருக்கே உரியது.

இது எழுத்துக்கூட்டல் அளவிலான சிக்கல் அன்று. 1989ஆம் ஆண்டின் 33ஆம் எண் சட்டமாகிய வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3ஆம் பிரிவின்படி, குற்றம் செய்தவர் எஸ்.சி. அல்லது எஸ்.டி. பிரிவினர் அல்லாதவராகவும் பாதிக்கப்பட்டவர் அப்பிரிவினராகவும் இருத்தல் வேண்டும். ஆகவே 'எஸ்.சி.' என்பது அங்கு விளக்கச் சொல் அன்று, மெய்ப்பிக்கப்படவேண்டிய குற்றக்கூறு. முகப்பிலுள்ள எஸ்.சி.யை வகுப்பாகக் கொண்டு 'பட்டியல் சாதி வழக்கு எண்' என்று எழுதிவிடும் மொழிபெயர்ப்பாளர், சாதாரண அமர்வு வழக்கு ஒன்றனுக்கு இல்லாத ஒரு சட்டத்தைச் சேர்த்துவிடுகின்றார். இக்காரணம் பற்றியே இச்சுருக்கத்தின் வரலாறு தனித்து ஆராயத்தக்கதாகின்றது.

1. சுருக்கமும் தமிழெழுத்தும்

சுருக்கி எழுதுதல் தமிழுக்குப் புதிதன்று. நாள், மாதம், ஆண்டு, பற்று, வரவு, மேற்படி, ரூபாய் ஆகியவற்றுக்குத் தனிக்குறிகள் தமிழில் வழங்கின. 'மேற்படி' என்பதற்குரிய ௸ என்னும் குறியைப் பழைய பத்திரங்களைப் படிப்போர் அறிவர். இக்குறிகளின் சிறப்பு ஒரு குறிக்கு ஒரு பொருளே உண்டு என்பதாகும். சொல்லின் முதலெழுத்தை எடுத்துப் புள்ளியிடும் முறை ஆங்கிலத்தின் செல்வாக்கால் பெருகியது. கி.மு., கி.பி., தி.மு.க. என்பன அம்முறையில் தமிழ்ச் சொற்களிலிருந்தே அமைந்தவை. மூன்றாவது ஒரு முறை, ஆங்கில எழுத்துகளின் பெயர்களைத் தமிழில் ஒலிபெயர்த்து எழுதுவது. எம்.எல்.ஏ., ஐ.ஏ.எஸ்., எஸ்.சி. என்பன அத்தகையன.

மூன்றாம் முறையில் ஓர் இழப்பு நேர்கின்றது. ஆங்கிலத்தில் வேறுபட்டிருக்கும் சுருக்கங்கள் தமிழெழுத்தில் ஒன்றாகிவிடுகின்றன. 'பி.சி.' என்று தமிழில் எழுதினால் அது போலீஸ் கான்ஸ்டபிளா, பிற்படுத்தப்பட்ட வகுப்பா, கிறித்துவுக்கு முற்பட்ட காலமா, பிரிவி கவுன்சிலா என்பது தெரியாது. ஆங்கிலத்தில் முதலெழுத்தின் ஒலிப்புடைமையேனும் இரண்டிரண்டாகப் பிரித்துக் காட்டும். தமிழ் வரிவடிவம் அவ்வுதவியையும் செய்வதில்லை. எஸ்.சி.யில் இந்த இழப்பு இல்லை. அதன் குழப்பம் முழுவதும் ஆங்கிலத்திலேயே பிறந்தது.

2. நீதிமன்றத்து எஸ்.சி.

இந்தியாவில் 'சுப்ரீம் கோர்ட்' என்னும் பெயர் 1950க்கு மிக முற்பட்டது. 1773ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி 1774இல் கல்கத்தாவிலும், 1801இல் சென்னையிலும், 1820களில் பம்பாயிலும் சுப்ரீம் கோர்ட்டுகள் நிறுவப்பட்டன. அவை கும்பெனி ஆட்சியின் தலைநகரங்களில் இருந்த அரசவை நீதிமன்றங்கள். உள்நாட்டு வழக்குகளுக்கு மேன்முறையீட்டு மன்றமாக இருந்தது சதர் அதாலத். 1861ஆம் ஆண்டின் உயர்நீதிமன்றச் சட்டத்தால் இவ்விரண்டும் இணைக்கப்பெற்று 1862இல் உயர்நீதிமன்றங்கள் தோன்றின. அக்காலத்துச் சதர் அதாலத்துத் தீர்ப்புகளைத் தமிழில் தொகுத்தளித்தவர் மாயூரம் வேதநாயகம் பிள்ளை. 1862இல் வெளிவந்த அவருடைய 'சித்தாந்த சங்கிரகம்' தமிழில் சட்ட மொழிபெயர்ப்பின் முன்னோடி. நாவலாசிரியராக மட்டுமே அவரை அறிமுகப்படுத்தும் இலக்கிய வரலாறுகள் இந்நூலைப் போதிய அளவு கருதவில்லை.

1862 முதல் 1949 வரை இந்திய வழக்குகளின் இறுதி மன்றம் இலண்டனில் இருந்த பிரிவி கவுன்சில். எனவே அக்காலத் தீர்ப்புத் தொகுதிகளில் உச்சநிலையைக் குறித்தது பி.சி. என்னும் சுருக்கம். குற்றவாளியின் ஒப்புதல் வாக்குமூலம் பற்றிய நசீர் அகமது வழக்கு ஏ.ஐ.ஆர். 1936 பி.சி. 253 எனச் சுட்டப்படுகின்றது. 1937இல் கூட்டாட்சி நீதிமன்றம் அமைந்தபின் எஃப்.சி. சேர்ந்தது. 1949 அக்டோபரில் பிரிவி கவுன்சிலின் அதிகாரம் நீக்கப்பட்டு, 1950 சனவரியில் உச்சநீதிமன்றம் பிறந்தபோது தொகுதிகளில் எஸ்.சி. இடம்பெற்றது. தொடக்க காலத்து வழக்காகிய ஏ.கே. கோபாலன் எதிர் சென்னை மாநிலம், ஏ.ஐ.ஆர். 1950 எஸ்.சி. 27. இங்கு ஏ.ஐ.ஆர். என்பது 1914இல் தொடங்கிய 'ஆல் இந்தியா ரிப்போர்ட்டர்' என்பதை நினைவிற்கொள்ளுதல் வேண்டும். 1936இல் 'ஆல் இந்தியா ரேடியோ' என்று பெயர் பெற்ற வானொலி நிறுவனமும் அதே மூன்றெழுத்தையே கொண்டது.

ஆயின் சட்டத்துறையில் எஸ்.சி. உச்சநீதிமன்றத்தோடு நிற்கவில்லை. இங்கிலாந்தின் பழைய தீர்ப்புத் தொகுதிகளில் இரு மேற்கோள்களுக்கு இடையே எஸ்.சி. வருமாயின் அது 'சேம் கேஸ்', அதாவது 'அதே வழக்கு' என்னும் பொருளது. ஒரு வழக்கு இரு தொகுதிகளில் பதிவாகியிருத்தலைக் காட்டும். தமிழின் மேற்படிக் குறிக்கு இது நெருங்கிய உறவுடையது. இசுக்காத்துலாந்தில் எஸ்.சி. என்பது 'செஷன் கேஸஸ்' என்னும் தொகுதியின் பெயர். கவனக்குறைவு பற்றிய சட்டத்துக்கு அடிப்படையான டோனஹு எதிர் ஸ்டீவன்சன் வழக்கு, 1932 எஸ்.சி. (எச்.எல்.) 31 எனச் சுட்டப்படும். இந்திய நீதிமன்றங்கள் பெரிதும் எடுத்தாளும் வழக்கு இது. இதிலுள்ள எஸ்.சி.யை உச்சநீதிமன்றம் எனக் கொள்ளின் 1932இல் இல்லாத நீதிமன்றம் ஒன்றனுக்கு அதனை உரிமையாக்கியவராவோம். அமர்வு வழக்கு எனக் கொள்ளின் பிழை இன்னும் நுண்ணியது. 'கோர்ட் ஆஃப் செஷன்' இசுக்காத்துலாந்தின் உயர் உரிமையியல் நீதிமன்றம். இந்தியாவின் 'கோர்ட் ஆஃப் செஷன்' குற்றவியல் நீதிமன்றம். சொல் ஒன்றே, நீதிமன்றம் வேறு.

இந்திய அமர்வு வழக்கின் சுருக்கமும் நாடு முழுவதும் ஒரே தன்மையதன்று. தமிழ்நாட்டில் நடுவர் நீதிமன்றத்தில் பி.ஆர்.சி. எண் பெற்ற வழக்கு அமர்வு நீதிமன்றத்துக்கு அனுப்பப்பட்டபின் எஸ்.சி. எண் பெறும். உத்தரப் பிரதேசம், பீகார் முதலிய வட மாநிலங்களில் அதுவே 'செஷன்ஸ் டிரையல்', சுருக்கம் எஸ்.டி. ஆகவே வட இந்தியத் தீர்ப்பொன்றில் எஸ்.டி. என்பது பழங்குடியினரையும் குறிக்கும், அமர்வு விசாரணையையும் குறிக்கும். தெற்கே எஸ்.சி.யால் நேரும் குழப்பம் வடக்கே எஸ்.டி.யால் நேர்கின்றது. இரு சுருக்கங்களும் இணைந்து வழங்கும் ஒரு சட்டத்தின் வழக்குகளில், அவற்றுள் ஒன்று வடக்கிலும் மற்றொன்று தெற்கிலும் வழக்கு எண்ணாகவும் அமைந்தது தற்செயலே. எனினும் மொழிபெயர்ப்பாளருக்கு இதனைவிடத் தொல்லையான தற்செயல் வேறில்லை.

கர்நாடகத்துச் சிறுவழக்கு நீதிமன்றங்களில் எஸ்.சி. 'ஸ்மால் காஸ்' என்பதைக் குறித்தலும், மூத்த வழக்குரைஞர் பெயரை அடுத்து அது 'சீனியர் கவுன்சல்' ஆதலும் ஈண்டு விரிக்கவேண்டுவதில்லை. சட்டத்துக்குப் புறத்தேயும் இதன் பொருள்கள் பல. நாடக நூலில் காட்சி. இலத்தீன் வழிவந்த உரைக்குறிப்புகளில் 'அதாவது' எனப் பொருள்படும் 'சிலிசெட்'. அச்சகத்தில் சிறிய தலைப்பெழுத்து. அமெரிக்காவில் தென் கரோலினா. மொழியியலாருக்கு இது மாற்றிலக்கணத்தின் அமைப்பு மாற்றம், எஸ்.டி. அமைப்பு விவரிப்பு. எஸ்.டி., எஸ்.சி. என்னும் இணை, விதி எழுதும் மொழியியலாரின் கரும்பலகையிலும் தவறாது இடம்பெற்றது.

3. பட்டியலின் எஸ்.சி.

மேலே கூறியவை யாவும் பெயர்களின் சுருக்கங்கள். 'ஷெட்யூல்டு காஸ்ட்' என்பதோ தானே ஒரு வகையில் சுருக்கம். 'இன்ன சட்டத்தின் பின்னிணைப்பில் கூறப்பட்ட' என்னும் தொடரை ஒரு பெயரெச்சமாகச் சுருக்கிய வடிவம் அது. இலத்தீனில் சிறு தாள்நறுக்கைக் குறித்த சொல்லிலிருந்து வந்த 'ஷெட்யூல்', ஆங்கிலச் சட்டவழக்கில் சட்டத்தின் இறுதியில் இணைக்கப்படும் பட்டியலைக் குறித்தது. ஒரு மக்கட்பிரிவுக்கு அவர்தம் தொழில், இடம், குலமரபு ஆகியவற்றுள் ஒன்றனால் பெயரிடாது, அவர் பெயர் எழுதப்பட்ட தாளின் இடத்தால் பெயரிட்டது இச்சொல். பெயரிடல் வரலாற்றில் இஃது அரிய நிகழ்வு.

இந்தியச் சட்டங்களில் 'ஷெட்யூல்டு' என்னும் அடை முதலில் மக்களுக்கு வழங்கவில்லை, நிலத்துக்கே வழங்கியது. 1874ஆம் ஆண்டின் 'ஷெட்யூல்டு டிஸ்டிரிக்ட்ஸ்' சட்டம், கஞ்சம், விசாகப்பட்டினம் முதலிய மாவட்டங்களின் மலைப்பகுதிகள் போன்றவற்றைப் பொதுச் சட்டங்களின் ஆட்சியிலிருந்து விலக்கிவைக்க வழிசெய்தது. ஆகவே அச்சொல்லின் முதற்பொருளில் விலக்குதல் அடங்கியிருந்தது. 1934இல் ரிசர்வ் வங்கிச் சட்டத்தால் அது வங்கிகளுக்கு அடையாயிற்று. அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையால் மொழிகளுக்கும் அடையாயிற்று. இன்று 22 மொழிகள் 'ஷெட்யூல்டு' மொழிகள். தமிழும் அவற்றுள் ஒன்று. வங்கிக்கும் மொழிக்கும் தகுதியைத் தரும் அடை, மக்களிடத்து வருங்கால் வேறு நிறம் பெறுவது சொற்பொருளியலார் கருதத்தக்கது. இந்நிற வேறுபாடு சொல்லில் இல்லை. சொல்லை வழங்குவோரிடத்தில் உள்ளது.

மக்களுக்கு இது அடையான வரலாறு ஒரு பெயர்த் தேடலின் வரலாறு. இருபதாம் நூற்றாண்டின் முதற்பகுதியில் வழங்கிய ஆங்கிலப் பெயர் 'டிப்ரெஸ்டு கிளாஸஸ்'. 1906இல் வி.ரா. சிந்தே பம்பாயில் தொடங்கிய தொண்டு நிறுவனமும் 1917ஆம் ஆண்டுக் காங்கிரசுத் தீர்மானமும் இப்பெயரையே ஆண்டன. தமிழில் 'தாழ்த்தப்பட்டோர்' இதன் பெயர்ப்பாக நிலைத்தது. ஆங்கில மூலத்தைவிடத் தமிழ்ப் பெயர்ப்பு தெளிவுடையது என்பது இங்குச் சுட்டத்தக்கது. 'டிப்ரெஸ்டு' என்பதில் அந்நிலை இயல்பானதா, பிறர் செயலால் விளைந்ததா என்பது தெரியவில்லை. 'தாழ்ந்தோர்' என்று பெயர்த்திருந்தால் அது இயல்பாகிவிடும். 'தாழ்த்து' என்னும் பிறவினையும் 'படு' என்னும் செயப்பாட்டுத் துணைவினையும் சேர்ந்து, செய்தவர் ஒருவர் உளர் என்பதைச் சொல்லாமற் சொல்லுகின்றன. எழுவாய் மறைந்திருக்கிறது, ஆனால் மறைந்திருத்தல் தெரிகின்றது. பின்னாளில் 'பிற்பட்டோர்' என்பதனைப் 'பிற்படுத்தப்பட்டோர்' எனத் திருத்திக் கொண்டதும் இவ்விலக்கண நுட்பம் பற்றியே.

பெயருக்குரியவர்கள் இப்பெயரை ஏற்றுக்கொண்டார்கள் என்று எண்ணுதல் தவறு. சென்னை மாகாணத்தில் 1891இல் மகாசன சபையையும் 1893இல் ஓர் இதழையும் தொடங்கிய இரட்டைமலை சீனிவாசன், தம் குலப்பெயரையே அவ்விரண்டுக்கும் இட்டார். இழிவு ஏற்றப்பட்ட பெயரைத் துறப்பதைவிட ஏற்று நிமிர்த்துவது அவர் வழி. எம்.சி. ராஜாவின் முயற்சியால் 1922இல் சென்னை அரசு 'ஆதிதிராவிடர்', 'ஆதிஆந்திரர்' என்னும் பெயர்களை ஆவணங்களில் ஏற்றது. வட்டமேசை மாநாட்டின்போது 1931இல் அம்பேத்கரும் இரட்டைமலை சீனிவாசனும் அளித்த துணைக் கோரிக்கை மடல், 'டிப்ரெஸ்டு கிளாஸஸ்' என்பதனை மாற்றுமாறு வேண்டியது. மாற்றாக அவர்கள் காட்டிய பெயர்களுள் 'புராட்டஸ்டண்டு இந்துக்கள்', 'நான்கன்ஃபார்மிஸ்டு இந்துக்கள்' என்பன அடங்கும். இங்கிலாந்தின் சமய வரலாற்றிலிருந்து எடுத்த சொற்கள் இவை. 'ஒடுங்கியவர்' என்னும் பெயரை 'உடன்படாதவர்' என்னும் பெயராக்க அவர்கள் விழைந்தனர் எனலாம். அதே ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கில் ஜே.எச். ஹட்டன் 'எக்ஸ்டீரியர் காஸ்ட்ஸ்', அதாவது 'புறநிலைச் சாதிகள்' என்னும் பெயரை ஆண்டார்.

1932 செப்டம்பரில் ஏற்பட்ட பூனா ஒப்பந்தத்திலும் 'டிப்ரெஸ்டு கிளாஸஸ்' என்பதே நின்றது. 1933 முதல் காந்தியடிகள் 'அரிஜன்' என்னும் பெயரை இதழின் வாயிலாகப் பரப்பினார். இவ்வாறு பல பெயர்கள் ஒன்றோடொன்று போட்டியிட்ட சூழலில் 1935ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டம், விவாதத்துக்கு இடமில்லாத ஒரு வழியைக் கையாண்டது. முன்னர் 'டிப்ரெஸ்டு கிளாஸஸ்' எனப்பட்டோருக்கு ஒத்தவர்களாகக் கவுன்சிலுடன் கூடிய மன்னர் குறித்தளிக்கும் சாதிகள் 'ஷெட்யூல்டு காஸ்ட்ஸ்' என்று அது வரையறுத்தது. 1936இல் பட்டியலை வெளியிட்ட ஆணை பிறந்தது. பழைய பெயரைச் சுட்டியே புதிய பெயர் வரையறுக்கப்பட்டது என்பதும், அவ்வரையறையைத் தவிர அச்சொல்லுக்குத் தன்பொருள் எதுவும் இல்லை என்பதும் நோக்கத்தக்கன. பொருளற்றதாக இருந்தமையே அதன் வலிமை. எவரும் அதனைப் புகழாகவும் கொள்ளவில்லை, இகழாகவும் கொள்ளவில்லை. 1942இல் அம்பேத்கர் தம் கட்சிக்கு 'ஷெட்யூல்டு காஸ்ட்ஸ் ஃபெடரேஷன்' என்று பெயரிட்டபோது, சட்டம் தந்த வெற்றுச்சொல் அரசியற் சொல்லாயிற்று.

அரசியலமைப்பு 341ஆம் உறுப்பின் வாயிலாக இச்சொல்லை ஏற்றது. இங்கு மொழிபெயர்ப்பாளரைத் தவறவிடும் செய்தி ஒன்று உண்டு. அரசியலமைப்பின் அட்டவணைகளுள் எதிலும் இச்சாதிகளின் பெயர்கள் இல்லை. அவை 1950 ஆகஸ்டு 10ஆம் நாள் வெளியான குடியரசுத் தலைவரின் ஆணையில் இணைந்த பட்டியலில் உள்ளன. அப்பட்டியலில் மாற்றம் செய்யும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கே உரியது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் இதன் வரம்புக்குள் வந்ததும் அவ்வாணையைத் திருத்தியே. எனவே 'அட்டவணைச் சாதி' என்று தமிழில் எழுதினால், எட்டாவது அட்டவணை, ஏழாவது அட்டவணை என்று படித்துப் பழகிய வாசகர் அரசியலமைப்பின் பின்பக்கங்களில் அப்பெயர்களைத் தேடக்கூடும். 'பட்டியல் சாதி' என்பதில் இத்தொல்லை குறைவு. ஆனால் வேறொரு தொல்லை உண்டு. ஏழாவது அட்டவணைக்குள் மூன்று பட்டியல்கள் இருத்தலின் 'லிஸ்ட்' என்பதற்கும் பட்டியலே பெயர்ப்பாகிவிட்டது. ஆங்கிலத்தில் வேறான இரு சொற்கள் தமிழில் இடம் மாறிக்கொள்கின்றன.

4. பிற இந்திய மொழிகளில்

இவ்விடத்தில் பிற மொழிகள் என் செய்தன என்று காண்பது பயனுடையது. இந்தி 'அனுசூசி' என்னும் ஒரு சொல்லையே எங்கும் ஆண்டது. அட்டவணை அனுசூசி, சாதி 'அனுசூசித் ஜாதி', மொழியும் 'அனுசூசித்'. முரண்பாடில்லாத முறை இது. சுருக்கமும் அதற்குள்ளேயே 'அ.ஜா.' என்றும், பழங்குடிக்கு 'அ.ஜ.ஜா.' என்றும் அமைந்தது. மலையாளம் 'பட்டிக' என்னும் சொல்லை இரண்டுக்கும் வைத்து இசைவு கண்டது. கன்னடம் சாதிக்குப் 'பரிசிஷ்ட ஜாதி' என்றது. பரிசிட்டமாவது பிற்சேர்க்கை, ஷெட்யூலின் மூலப்பொருளுக்கு மிக நெருங்கிய பெயர்ப்பு இதுவே. அதன் சுருக்கம் 'ப.ஜா.'. வங்காளம் அரபு வழிவந்த 'தஃப்சில்' என்பதைக் கொண்டு 'தஃப்சிலி' என்றது. விவரமாக எழுதிய குறிப்பு என்பது அச்சொல்லின் பொருள். உருது 'தர்ஜ் ஃபிஹ்ரிஸ்த்', அதாவது பட்டியலில் பதிந்த, என்கிறது. தெலுங்கு 'ஷெட்யூல்டு' என்பதனை அப்படியே வைத்துக்கொண்டு 'குலாலு' என்பதைச் சேர்த்தது.

தமிழின் நிலை இவற்றுள் எதனோடும் ஒவ்வாதது. இங்கு ஒரு சொல் நிலைக்கவில்லை. தாழ்த்தப்பட்டோர், ஆதிதிராவிடர், அரிஜனர், அட்டவணை வகுப்பினர், பட்டியல் இனத்தவர், பட்டியல் சாதியினர் எனப் பல பெயர்கள் ஒரே ஆங்கிலத் தொடருக்கு வழங்கின. இவை வெறும் ஒருபொருட்பன்மொழிகள் அல்ல. ஒவ்வொன்றும் முற்கூறிய வரலாற்றின் ஒவ்வொரு படியில் உறைந்து நிற்கின்றது. 'தாழ்த்தப்பட்டோர்' 1935க்கு முற்பட்ட ஆங்கிலப் பெயரின் மொழிபெயர்ப்பு. 'ஆதிதிராவிடர்' 1922ஆம் ஆண்டின் பெயர். தமிழ்நாட்டு அரசுத் துறையின் பெயரிலும் அதுவே நிலைத்தது. ஆயின் தமிழ்நாட்டுக்குரிய பட்டியலில் 'ஆதிதிராவிடர்' என்பது ஒரு தனிப் பதிவும் ஆகும். முழுமையின் பெயராக அதன் பகுதி ஒன்றன் பெயரை வைத்தல் இலக்கணத்தில் ஆகுபெயர் எனப்படலாம். சாதிச் சான்றிதழை மொழிபெயர்க்குங்கால் அது பிழையாகும். அருந்ததியர் ஒருவரின் சான்றிதழில் உள்ள எஸ்.சி.யை 'ஆதிதிராவிடர்' எனப் பெயர்த்தால் அவருடைய சாதியையே மாற்றியவராவோம். 2009இல் அருந்ததியர்க்கு உள்ஒதுக்கீடு ஏற்பட்டபின் ஆங்கிலத்தில் 'எஸ்.சி.(ஏ)' என்னும் கிளைச் சுருக்கம் தோன்றியது. அவ்வடைப்புக்குறிக்குள் உள்ள எழுத்தும் ஆதிதிராவிடருக்குரியது அன்று, அருந்ததியருக்குரியது. முதலெழுத்து இரண்டுக்கும் ஒன்றே.

'அரிஜனர்' என்பதனை அலுவல் வழக்கில் தவிர்க்குமாறு 1982இல் ஒன்றிய உள்துறை அறிவுறுத்தியது. 2018இல் செய்தி ஒலிபரப்புத் துறை 'தலித்' என்பதற்கு மாற்றாகச் 'ஷெட்யூல்டு காஸ்ட்' என்பதனையும் அதன் மொழிபெயர்ப்புகளையும் வழங்குமாறு ஊடகங்களுக்குக் கூறியது. பின்னதனை எதிர்த்தோரும் உளர். தாமே தேர்ந்த பெயருக்கும் சட்டம் தந்த பெயருக்கும் உள்ள வேறுபாட்டை அவர்கள் சுட்டினர். மொழிபெயர்ப்பாளர் இவ்வழக்கில் தீர்ப்பளிக்க வேண்டுவதில்லை. மூலத்தில் எச்சொல் உள்ளதோ அதனுக்குரிய படியில் நிற்கும் சொல்லை ஆளுதலே அவர் கடன். 1951ஆம் ஆண்டுச் செண்பகம் துரைராசன் வழக்கு, ஏ.ஐ.ஆர். 1951 எஸ்.சி. 226, இதற்கு நல்ல சான்று. அவ்வழக்கில் ஆராயப்பட்ட சென்னை அரசின் வகுப்புவாரி ஆணை, 14 இடங்களில் 2 இடங்களை 'அரிஜனர்' என்னும் பெயரால் ஒதுக்கியிருந்தது. இன்றைய வழக்குக்கு ஒப்ப அதனைப் 'பட்டியல் சாதியினர்' என்று திருத்திப் பெயர்த்தால் அவ்வாணை எக்காலத்து மொழியில் எழுதப்பட்டது என்பது மறைந்துவிடும். ஆவணத்தின் இகழ்ச்சியும் பரிவும் அக்காலத்தனவாகவே இருத்தல் வேண்டும்.

5. திணையும் எண்ணும்

எஸ்.சி.யின் பொருளைத் தீர்மானிக்க இலக்கணம் ஓரளவு துணைநிற்கும். ஆங்கில நாளிதழ்த் தலைப்புகளில் சுட்டிடைச்சொல் இன்றி ஒருமையில் எழுவாயாக வருமாயின் அது நீதிமன்றம். பன்மை விகுதி பெறுமாயின் மக்கள். சாய்கோட்டுடன் எஸ்.டி.யைத் தொடர்ந்து பெறுமாயினும் மக்களே. தமிழில் திணை இதனைத் தெளிவாக்குகின்றது. 'எஸ்.சி. கூறியது' என்பது நீதிமன்றம், 'எஸ்.சி.யினர் கூறினர்' என்பது மக்கள். தமிழ்ப் பேச்சுவழக்கில் எஸ்.சி. எனத் தனித்து நிற்பது பெரும்பாலும் மக்களையே குறிக்கும். நீதிமன்றத்தைச் 'சுப்ரீம் கோர்ட்' என்று முழுதாகவே கூறுவர்.

இச்சோதனை தோற்கும் இடம் பெயரடை நிலை. 'எஸ்.சி. ஜட்ஜ்' என்று ஆங்கிலத் தலைப்பொன்று கூறுமாயின் அவர் உச்சநீதிமன்ற நீதிபதியா, பட்டியல் சாதியைச் சார்ந்த நீதிபதியா என்பதனை அத்தொடர் காட்டாது. அடையாக நிற்கும் பெயர் எண்ணும் திணையும் காட்டாமையே காரணம். நீதித்துறையில் யார் இடம்பெறுகின்றனர் என்பதே வினாவாக உள்ள கட்டுரையில் இவ்விரு பொருளும் அடுத்தடுத்து வரக்கூடும். அங்குச் செய்தியின் உடற்பகுதியைப் படித்தன்றித் தலைப்பைப் பெயர்த்தல் கூடாது.

2019 முதல் உச்சநீதிமன்றம் தன் தீர்ப்புகளைத் தமிழ் உள்ளிட்ட மொழிகளில் வெளியிடுவதற்குச் 'சுவாஸ்' என்னும் கணினி மொழிபெயர்ப்புக் கருவியைத் துணையாகக் கொண்டது. கருவியின் பெயர்ப்பை மனிதர் சரிபார்க்கும் முறை உண்டு. அவர் முதலில் சரிபார்க்கவேண்டியவை சுருக்கங்களே. முழுத்தொடர் பிழையானால் வாக்கியம் பொருந்தாது நின்று தன் பிழையைத் தானே காட்டும். சுருக்கம் பிழையாக விரிந்தால் வாக்கியம் செம்மையாகவே இருக்கும். 2023இல் உச்சநீதிமன்றம் தனக்கெனப் பொதுச் சுட்டெண் முறையை ஏற்படுத்தி ஐ.என்.எஸ்.சி. என்னும் நான்கெழுத்தை ஆண்டது. பட்டியல் சாதிகளுள் உட்பிரிவு செய்யலாம் என்று 2024 ஆகஸ்டில் கூறிய தேவிந்தர் சிங் தீர்ப்பு, 2024 ஐ.என்.எஸ்.சி. 562. நீதிமன்றத்து எஸ்.சி.க்கு இவ்வாறு ஒரு முன்னொட்டு கிடைத்திருக்கிறது. எனினும் 1950 முதல் 2022 வரையிலான தீர்ப்புகளைச் சுட்டும் பழைய மேற்கோள்கள் பழைய சுருக்கத்தோடு நிற்கின்றன.

6. 'தனி'

தமிழ் தன்முயற்சியால் இச்சுருக்கத்தை வென்ற ஓரிடம் தேர்தல் களம். ஆங்கிலப் பட்டியலில் தொகுதிப் பெயரை அடுத்து அடைப்புக்குறிக்குள் எஸ்.சி. என்று இருக்கும். தமிழ் நாளிதழ்கள் அதனைத் 'தனி' என்றன. மதுராந்தகம் (தனி) என்பது போல. ஒலிபெயர்ப்பும் இல்லை, புள்ளியும் இல்லை. எளிய இச்சொல் மக்கள் வழக்கில் வேரூன்றிவிட்டது.

ஆயின் வரலாற்று நூல்களை மொழிபெயர்ப்போருக்கு இவ்வெளிமையே இடர். 1932இல் எழுந்த வினா இரண்டு முறைகளைப் பற்றியது. ஒன்று, ஒடுக்கப்பட்டோர் மட்டுமே வாக்களித்துத் தம் உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் முறை. ஆங்கிலத்தில் 'செப்பரேட் எலக்டரேட்'. மற்றொன்று, அனைவரும் வாக்களிக்க, போட்டியிடும் உரிமை மட்டும் அவர்க்கு ஒதுக்கப்படும் முறை. ஆகஸ்டில் பிரித்தானியப் பிரதமர் வழங்கிய வகுப்புவாரித் தீர்ப்பு முன்னதனைத் தந்தது. செப்டம்பரில் பூனா ஒப்பந்தம் அதனைக் கைவிட்டுப் பின்னதனை ஏற்றது. காந்தியடிகளின் உண்ணாநோன்பும் அம்பேத்கரின் இசைவும் இவ்விரண்டனுக்கும் இடைப்பட்ட வேறுபாட்டைப் பற்றியவையே. இன்றைய 'தனித்தொகுதி' பின்னது. ஆனால் 'செப்பரேட்' என்பதனைத் 'தனி' என்று பெயர்க்கும் நூல்களில் முன்னதும் தனித்தொகுதியாகின்றது. அவ்வாறு பெயர்த்த பக்கத்தைப் படிக்கும் மாணவர், தனித்தொகுதியைக் கைவிட்டுத் தனித்தொகுதியை ஏற்றதாக ஒப்பந்தத்தைப் புரிந்துகொள்ளவேண்டிவரும். 'தனி வாக்காளர் தொகுதி' என்றும் 'ஒதுக்கீட்டுத் தொகுதி' என்றும் பிரித்தெழுதுவோர் இருக்கின்றனர். அவர் வழக்கே பின்பற்றத்தக்கது.

'தனி' மறைக்கும் செய்தி இன்னொன்றும் உண்டு. 2008ஆம் ஆண்டின் தொகுதிச் சீரமைப்பின்படி தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தின் 234 தொகுதிகளுள் ஒதுக்கீடு பெற்றவை 46. அவற்றுள் 44 எஸ்.சி.; ஏற்காடும் சேந்தமங்கலமும் எஸ்.டி. 'தனி' என்று மட்டும் எழுதினால் இவ்விரண்டும் மற்ற 44இலிருந்து பிரியா. பழங்குடியினர்க்குரிய தொகுதி எது என்று காட்டவேண்டியபோது தமிழ்ப் பட்டியல் மீண்டும் ஆங்கில எழுத்துகளிடமே செல்லவேண்டியிருக்கிறது: ஏற்காடு (எஸ்.டி.).